கேள்வி கேட்க ஒரு வருடம்

நேயர்களுக்கு வணக்கம். கோவையில் பம்பு செட் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவன் நான். "எல்லாரும் அனுபவம் கேக்கறாங்க சார். வேலையே தராம அனுபவம் எங்கிருந்து வரும்?" என்று என் எதிரே உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். நியாயமான கேள்விதான். அதற்கு என்னிடம் ஒரு பதிலும் இருந்தது. ஆனால் சொன்னதும் முகம் சுருங்கிவிடும். அப்ரண்டிஸ், அதாவது உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஒரு வருடம் தொழில் பழகுவது.

"டிகிரி முடிச்சிட்டு அப்ரண்டிஸா?" இப்படிக் கேட்பது பெரும்பாலும் கூட வந்த அப்பா. ஐடிஐ படித்தவர்களுக்கு மட்டும்தான் அது என்ற நினைப்பு. தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. 1973-லேயே இன்ஜினியரிங் பட்டதாரிகளைச் சேர்த்துவிட்டார்கள். 2014 திருத்தத்துக்குப் பிறகு பி.காம்., பி.ஏ. படித்தவர்களும் சேரலாம். தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. 2019 விதியில் பட்டதாரிக்கு மாத உதவித்தொகை குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். வாடகை, சாப்பாடு, பஸ் போக மிஞ்சாது, ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. வருடம் முடிந்ததும் அந்த நிறுவனம் வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பயிற்சி என்று எடுத்து, வருடம் முழுக்க ஜெராக்ஸ் எடுக்க விடுகிற இடங்களும் உண்டு. அதனால் சேரும்போதே கேளுங்கள்: ஒப்பந்தத்தை அரசிடம் பதிவு செய்வீர்களா, எனக்கு யார் சொல்லித் தருவார்? அப்புறம், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

சரி, அந்த ஒரு வருடத்தில் என்னதான் கிடைக்கும்? எங்கள் ஸ்டோர்ஸுக்கு பி.காம். முடித்த ஒரு பெண் அப்ரண்டிஸாக வந்தாள். நல்ல மதிப்பெண். இரண்டாவது வாரம் காஸ்டிங், அதாவது பம்புக்கான வார்ப்பு, ஒரு லோடு வந்தது. சரக்கோடு வந்த சீட்டில், அதாவது சலானில் 200, இறங்கியது 196. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். மாதக் கடைசியில் 200-க்கு பில் வந்து நின்றது.

ஸ்டோர் கீப்பர் திட்டவில்லை. சலானை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "எண்ணலையாம்மா?"

"எண்ணினேன் சார். நாலு குறைஞ்சுது. டிரைவர் பெரியவரா இருந்தார். கேட்டா தப்பா நினைப்பாரோன்னு..."

எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. வாய் திறக்காத பிள்ளையை நல்ல பிள்ளை என்று பதினைந்து வருடம் பழக்கியது நாம்தானே. "குறைஞ்சா சலான்லயே எழுது. டிரைவர்கிட்ட கையெழுத்து வாங்கு. அப்புறம் வண்டியை விடு" என்றார் ஸ்டோர் கீப்பர். அவ்வளவுதான் பாடம். வேலைக்குச் சேர்ந்த ஆள் இதே தப்பைச் செய்திருந்தால் மெமோ போயிருக்கும், அதை நானேதான் டைப் அடித்திருப்பேன். அப்ரண்டிஸ் என்பதால் நாலு காஸ்டிங்கோடு போயிற்று.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், வேறொரு லாரி டிரைவர் வேர்த்து விறுவிறுக்க என் அறைக்கு வந்தார். "சார், ஸ்டோர்ஸ்ல இருக்கற பாப்பாகிட்ட கொஞ்சம் சொல்லுங்க. ரெண்டு பீஸ் குறையுதுன்னு அரை மணி நேரமா கேட்டைத் திறக்க விட மாட்டேங்குது."