மூன்று ஆறும் ஒன்றாக வந்தால்

(மூணாற்றில் ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியது)

அவைத் தலைவர் அவர்களே, பஞ்சாயத்து உறுப்பினர்களே, தொழிற்சங்கப் பெரியவர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நேரே வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். எனக்கு இருபது நிமிடம் தந்தார்கள். பொன்னாடைக்கே ஏழு நிமிடம் போய்விட்டது. போர்த்திய தலைமையாசிரியர் ஐயா என்னைவிட மூத்தவர். நான்தான் அவருக்குப் போர்த்தியிருக்க வேண்டும்.

திடீர் வெள்ளத்துக்குக் காரணங்கள் நான்கு: மழையின் வேகம், மலையின் சரிவு, மண்ணின் ஈரம், நீர்ப்பிடிப்புப் பகுதியின், அதாவது ஓர் ஆற்றுக்கு மழைநீர் வந்து சேரும் நிலத்தின், வடிவம். சிறு துளி பெருவெள்ளம் என்று பிள்ளைகளுக்கு உண்டியல் வாங்கித் தரும்போது சொல்கிறோம். மலையில் குடியிருப்பவன் அதை மழைக்குத்தான் சொல்ல வேண்டும்.

வடிவம் நம் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை மூன்றும் கூடுவதால் மூணாறு. ஒடுங்கி நீண்ட நிலத்தில் ஓடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும். விசிறிபோல் விரிந்த நிலத்திலோ எல்லாம் ஒரே நேரத்தில் வந்து முட்டும். 1924 ஜூலை வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையைக் கொண்டுபோனது. இன்றுவரை மறுபடி போடவில்லை.

என் மாமனார் கோவில்பட்டிக்காரர். கரிசலில் பிறந்தவருக்கு ஓடுகிற தண்ணீரைக் கண்டால் பைத்தியம். ஓர் ஆடி மாதம் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்தவர், தலையில் நல்லெண்ணெய் வைத்து, சீயக்காயோடு ஓடையில் இறங்கிவிட்டார். நல்ல வெயில். திடீரென்று தண்ணீர் சிவந்தது, சருகு மிதந்து வந்தது. "மேலே ஃபேக்டரியில் டீயைக் கொட்டிவிட்டார்களா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி கரையில் நின்று, "யோவ் பெரியவரே, மேலே ஏறும்!" என்று அலறினாள். வேட்டியை எடுக்கலாமா என்று இவர் யோசித்தார். பாட்டி கல்லை எடுத்தாள். ஏறிவிட்டார். ஒரு பீடி குடிக்கும் நேரத்தில் அவர் நின்ற பாறை மூழ்கிவிட்டது. வேட்டி முதிரப்புழை வழியாகப் பெரியாற்றுக்குப் போயிற்று. எண்ணெய் வழிய, துண்டோடு, லயத்து வரிசை முழுவதையும் கடந்து வந்தார். என் மனைவி இதைப் பேசவிடுவதில்லை. நல்லவேளை, இன்று அவர் வரவில்லை.

லயத்தில் ஒரு சொட்டு மழை இல்லை, பெய்தது உச்சியில். செங்குத்துச் சரிவு, நீளமில்லாத ஓடை. நீரைத் தாமதிக்கச் சோலையும் புல்வெளியும் அங்கே மிச்சமில்லை. மண்ணைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஒரு வாரம் நனைந்த மண் அதற்குமேல் குடிக்காது என்பதோடு விடுகிறேன்.

சிறு துளி பெருவெள்ளம், சரி. அந்தத் துளியை அளப்பது யார்? 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் என்றால் சிவப்பு எச்சரிக்கை. பாட்டியின் ஓடைக்கு ஒரு மணி நேர மழை போதுமே! 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்குப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பான பெட்டிமுடியில் நடந்தது வெள்ளமல்ல, மலைச்சரிவு. ஆனால் காரணம் அதே மழை. 70 உயிர்கள். செய்தி வெளியே வர விடிந்துவிட்டது.

ஆகவே தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் (பிரிவுக்கும்) ஒரு மழைமானி, ஒரு சைரன், தமிழிலும் அறிவிப்பு. இன்று மேடையில் விழுந்த பொன்னாடைக் காசிலேயே மழைமானி ஒன்றிரண்டு வாங்கியிருக்கலாம். தலைமையாசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். மழையின் வேகத்தை அடுத்த ஆண்டு பேசுகிறேன். மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்குப் போங்கள்.