உள்ளுறையும் இறைச்சியும்

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இலக்கியக் கலைச்சொற்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று பணித்திருக்கிறீர்கள். அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் பொருளணியியல் மட்டுமே தன்மை முதல் பாவிகம் வரை 35 அணிகளை வகுக்கிறது. அவற்றை இலக்கணமும் எடுத்துக்காட்டுமாக ஒப்பித்துக்கொண்டு போனால் நேரம் போதாது என்பதோடு, தேர்வுத்தாளைத் தவிர வேறெங்கும் அது பயன்படவும் போவதில்லை. எனவே தண்டியலங்காரத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொல்காப்பியம் தந்த இரண்டு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உள்ளுறை உவமம் ஒன்று, இறைச்சி மற்றொன்று. இவற்றைக் கேள்விப்படாத தமிழ் மாணவர் இருக்க முடியாது. ஆனால் பாடலைத் திறப்பதற்கு இவற்றைக் கையாள்வோர் குறைவு.

வெளிப்படை உவமையில் நமக்குச் சிக்கல் இல்லை. வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழியே உவமை தோன்றும் என்று தொல்காப்பியத்தின் உவமவியலில் முதல் நூற்பா சொல்கிறது. ‘போல’, ‘அன்ன’ முதலான உருபுகளும் பெரும்பாலும் உடன் வந்து வழிகாட்டும். உள்ளுறையிலோ உருபு இல்லை. உவமிக்கப்படும் பொருளும் சொல்லப்படுவதில்லை. தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை, அதாவது அந்தந்த நிலத்துக்குரிய மரம், விலங்கு, பறவை முதலானவற்றை, நிலைக்களமாகக் கொண்டு, ஒரு மரமோ மீனோ பறவையோ தன்பாட்டுக்கு ஏதோ செய்வதாகக் கவிஞர் காட்டுவார். அதனோடு ஒத்து முடியும் மனித நிகழ்ச்சியைக் கேட்பவர்தாம் பொருத்திக்கொள்ள வேண்டும்.

குறுந்தொகையின் 8ஆம் பாடலைப் பாருங்கள். ஆலங்குடி வங்கனார் பாடியது. ‘கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்’ என்று தொடங்குகிறது. பேசுபவள் காதற்பரத்தை, அதாவது தலைவன் மனைவிக்குப் புறம்பே காதல் கொண்ட பரத்தை. தலைவி தன்னைப் பழித்துப் பேசினாள் என்று கேள்விப்பட்டு, தலைவியின் பக்கத்தார் காதில் விழும்படி அவள் பதில் சொல்கிறாள். எம் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசிய அவன், தன் வீட்டுக்குப் போனதும், நாம் கையையும் காலையும் தூக்கத் தானும் தூக்கும் ஆடிப்பாவை போல, தன் புதல்வனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்கிறான் என்கிறாள்.

இந்தச் சிறு பாட்டில் இரண்டு வகை உவமையும் இருக்கின்றன. இரண்டுக்கும் வெவ்வேறு வேலை. கண்ணாடியில் தெரியும் உருவத்தைக் காட்டி அவனை ஏளனம் செய்வது வெளிப்படை. ஏளனம் எல்லோருக்கும் புரிந்தாக வேண்டும், ஆகையால் ‘போல’ என்னும் உருபோடு வருகிறது. முதலில் வரும் மாம்பழமும் வாளைமீனும் உள்ளுறை. வயல் ஓரத்து மாமரத்தில் முற்றிய பழம் தானாக உதிர்கிறது. குளத்திலிருக்கும் வாளை அதைக் கவ்வுகிறது. வாளை மரமேறவில்லை, கிளையை உலுக்கவும் இல்லை. ‘அவனை நான் வலிந்து இழுக்கவில்லை, அவனாகத்தான் வந்தான்’ என்னும் தற்காப்பு இங்கே ஒளிந்திருக்கிறது. நேராகச் சொன்னால் சாக்குப்போக்காகத் தோன்றக்கூடிய வாதத்தை மருத நிலத்தின் இயல்பான காட்சியாக அவள் வைத்துவிடுகிறாள். ‘இப்பாடலில் உவமை அமைந்துள்ளது’ என்று எழுதி நகர்ந்துவிடும் மாணவருக்கு ஏளனம் மட்டும் கிடைக்கும்; வழக்கின் மறுபாதி நழுவிவிடும்.

தொல்காப்பியர் இதோடு நிற்கவில்லை. யார் எந்தப் பொருளை உவமையாக எடுக்கலாம் என்பதற்கும் வரம்பு கட்டுகிறார். தலைவி சொன்னால் அவள் அறிந்த பொருளாக இருக்க வேண்டும். தோழியின் உவமை தான் வாழும் நிலத்தைத் தாண்டக் கூடாது. தலைவனுடையது அவன் அறிவின் திண்மையோடு வர வேண்டும். மற்றவர்களுக்கு இந்த வரையறை இல்லை. இன்றைய புனைகதைத் திறனாய்வில் நோக்குநிலை என்று பேசுகிறோமே, அதன் கூர்மையான வடிவம் ஒன்று இந்தச் சில நூற்பாக்களில் இருக்கிறது. என் மதிப்பீட்டில், உவமவியலில் நாம் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் பகுதியும் இதுதான்.

இனி இறைச்சி. கருப்பொருள் காட்சி ஒன்று தானாகவே நின்று, தனக்குப் புறத்தே வேறொரு பொருளைக் குறிப்பாகத் தோற்றுவிப்பது அது. இது உள்ளுறையிலிருந்து எங்கே பிரிகிறது என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த வாதத்துக்குள் இப்போது நுழையவில்லை. குறுந்தொகை 37இல் பாலை பாடிய பெருங்கடுங்கோ ஒரு காட்சி தருகிறார். தன் பிடியின், அதாவது பெண்யானையின், பசியைப் போக்குவதற்காக ஆண்யானை யாமரத்தின் பட்டையை உரிக்கிறது. தலைவன் சென்ற வழி அத்தகைய அன்புடையது என்று தோழி தலைவியைத் தேற்றுகிறாள். இங்கே யானையைத் தலைவனாகவும் மரத்தை வேறொருவராகவும் உறுப்புக்கு உறுப்பு பொருத்தத் தேவையில்லை. யானை யானையாகவே நிற்கிறது. அதைக் கண்ணால் காண்பவன் வீட்டில் இருப்பவளை நினைத்துத் திரும்புவான் என்பது காட்சிக்குப் புறத்தே தோன்றும் பொருள். பிரிவில் வருந்தும்போது அன்பைக் காட்டும் இறைச்சியைச் சுட்டுவது ஆற்றுவிக்கும் வழி என்று தொல்காப்பியத்தின் பொருளியல் நூற்பா சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று வேண்டியதில்லை.

இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாடலுக்கு வருவோம். களவில், அதாவது பிறர் அறியாத காதலில், தலைவன் தன்னை மணந்தபோது சாட்சியாக யாரும் இல்லை. ஒழுகும் நீரில் ஆரல்மீனைப் பார்த்திருந்த குருகு மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. அதன் கால் ‘தினைத்தாள் அன்ன’ சிறு பசுங்கால். தினைப்புனம் காக்கும் மலைநிலத்துப் பெண்ணின் வாயில் வேறெந்த உவமை வரும்? அவள் அறிந்த பொருள் என்ற விதி அப்படியே பொருந்துகிறது. ஆனால் குருகு எந்த வகை? உள்ளுறை என்றால் குருகு தலைவன், ஆரல் தலைவி, பார்த்திருப்பது அவன் வேட்கை என்று பொருத்தலாம். அப்படிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. குருகைத் தலைவனாக்கிவிட்டால் சாட்சி இல்லாமற்போகிறது. அது குருகாகவே இருந்து, தன் இரையிலேயே கண்ணாக நின்றால்தான், இருந்த ஒரே சாட்சியும் எதையும் கவனித்திருக்காது என்னும் அவள் அச்சம் முழுமை பெறும். ஆகவே இதை இறைச்சியின் பக்கமே வைக்கிறேன். மறுப்போர் ஆரலுக்கு இடம் காட்டினால் மட்டும் போதாது. ‘குருகும் உண்டு’ என்பதில் ‘உம்’ என வரும் உம்மைக்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.