கசக்கிக் கட்ட ஒரு மறைப்பு வேண்டும்

(திருநெல்வேலி டவுனில் நூலக வாசகர் வட்டம் ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, இன்னும் இரண்டு கூட்டங்களுக்குப் போக வேண்டியிருந்தும் நமக்காக வந்து அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, வருஷா வருஷம் பந்தல் செலவைத் தன் செலவாக ஏற்றுக்கொள்ளும் ஜவுளிக்கடை அண்ணாச்சி அவர்களே, என்னோடு ஒரே பள்ளியில் பாடம் நடத்திய தோழியரே, என்னிடம் படித்துவிட்டு இன்று பிள்ளைகளோடு வந்திருக்கும் என் மாணவிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு நன்றி. போன வருஷம் எனக்குப் பளபளவென்று ஒரு பொன்னாடை போர்த்தினீர்கள். அது இன்னும் பீரோவில் மடித்த மடிப்பிலேயே இருக்கிறது. அடுத்த முறை ஒரு கைத்தறித் துண்டு தாருங்கள், தலை துவட்டவாவது ஆகும் என்று அன்றைக்கே சொன்னேன். மறக்காமல் இன்று வீரவநல்லூர்த் தறித் துண்டு போர்த்தியிருக்கிறீர்கள். அந்த ஊர்ச் செடிபுட்டாச் சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே இருக்கிற பெண்கள் ஆளுக்கொன்று வாங்கினால் அந்தத் தறிகளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. ஜவுளிக்கடை அண்ணாச்சி தலையாட்டுகிறார். சந்தோஷம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். ‘அடக்கமான உடை பெண்ணுக்கு அழகும் மரியாதையும் தருமா?’ என்பது குழுவினர் கொடுத்த தலைப்பு. இதில் மூன்று செய்திகள் பேசலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன். ஒன்று அழகு, இரண்டு மரியாதை, மூன்றாவது ஆண்களின் உடை. மூன்றாவதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை, அதனால் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

அழகைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. நன்றாகக் கஞ்சி போட்டுத் தேய்த்த பருத்திச் சேலையை, கொசுவம் கலையாமல், தோளில் மடிப்பு வைத்து ஒரு பெண் கட்டிக்கொண்டு ரதவீதியில் நடந்து வந்தால் அதற்கு ஈடான அழகை நான் பார்த்ததில்லை. என் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் கட்டினேன். என் மாணவிகளுக்கும் அதைத்தான் சொன்னேன். ஆனால் ஆடை அழகோடு நிற்காதீர்கள் என்று நாலடியார் சொல்கிறது. முடியை வாரிய அழகும் அழகல்ல, கரை போட்ட சேலையின் அழகும் அழகல்ல, பூசிய மஞ்சளின் அழகும் அழகல்ல, கல்வி அழகே அழகு என்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் நான் கூடவே எங்கள் ஆச்சி சொல்லும் பழமொழியையும் சொல்வேன். கந்தையானாலும் கசக்கிக் கட்டு. உங்களில் பாதிப் பேர் இப்போது என்னோடு சேர்ந்து வாய்க்குள் சொன்னீர்கள். என் பிள்ளைகள் மறக்கவில்லை.

இந்தப் பழமொழியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். எவ்வளவு துணி, எந்தத் துணி, எதுவரை மறைக்க வேண்டும் என்று அது ஒன்றுமே சொல்லவில்லை. கசக்கு, பிறகு கட்டு. அவ்வளவுதான்.

இப்போது மரியாதைக்கு வருகிறேன். எங்கள் ஆச்சி காலத்தில் இந்தச் சீமையில் ரவிக்கை போடாத கிழவிகள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். பின்கொசுவம் வைத்த சேலை, தோள்வரை தொங்கும் காதில் பாம்படம். அவர்கள் ஒரு சொல் சொன்னால் தெருவே கேட்கும். பெண் பார்க்கப் போவதும், பாகப்பிரிவினையும், பிரசவமும் அவர்களைக் கேட்டுத்தான் நடக்கும். அந்தத் தோளைப் பார்த்து அடக்கமில்லை என்று சொல்ல எவனுக்கும் நாக்கு எழவில்லை. இன்று அதே தெருவில் நைட்டியின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் வாசலில் காய்கறி வண்டிக்குப் போகிறோம். துண்டை மறந்துவிட்டால் வண்டிக்காரரை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே ஓடுகிறோம். இரண்டுமே அந்தந்தக் காலத்து அடக்கம்தான்.

நம் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் கதை வேறு. அது அன்றைக்குத் தென் திருவிதாங்கூர். அங்கே நாடார் முதலான சாதிப் பெண்கள் மேல்சாதிக்காரர் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது. மறைக்காமல் நிற்பதுதான் மரியாதை என்று சட்டம். மறைத்த பெண்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். கலகம், வழக்கு, தீவைப்பு எல்லாம் நடந்து, சென்னை ஆளுநர் ட்ரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலையில் மகாராஜா அறிக்கை விட்டார். நாடார் பெண்கள் தோளை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி உடுத்தக் கூடாது என்று அதிலும் ஒரு நிபந்தனை. அதற்குச் சில வருஷங்கள் முன்னால்தான் சுவாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னார். இன்றும் அங்கே தலைப்பாகையோடுதான் நிற்கிறார்கள். திருச்செந்தூரிலோ சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஒரு பெண் தன்னை மறைத்துக்கொள்ள நினைத்தால், மறைத்துக்கொள்ள அவளை விடுவதுதான் மரியாதை. தோள்சீலைக்காக அடிபட்ட அந்தப் பெண்கள் கேட்டது அதைத்தான். எனக்கு அவர்களை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இப்போது உங்களை நேரே ஆற்றுக்கு அழைத்துப் போகப் போகிறேன்.

எனக்கு அப்போது பத்துப் பதினோரு வயது. டவுனிலிருந்து குறுக்குத்துறைக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் குளிக்கப் போவோம். ஆச்சி, எங்கம்மா, இரண்டு சித்திகள், பக்கத்து வீட்டு மைனி, அவர்கள் மகள், நான், ஆக ஏழு பேர். மருத மர நிழலில் நடை. தூக்குவாளியில் ஆளுக்கு ஒரு கை புளியோதரை, தேங்காய்த் துவையல். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வந்தால் சுவாமியே மேலக்கோயிலுக்கு ஏறிவிடுவார். பெண்கள் எங்கே ஏறுவது? குளித்து எழுந்தால் நடுப்படியில் நின்றுதான் உடை மாற்ற வேண்டும். உலர்ந்த பாவாடையைத் தலைவழியாகப் போட்டு, நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு, உள்ளே ஈரத்தை நழுவ விட வேண்டும். அந்தச் சமயம் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட வாய் திறக்க முடியாது. இங்கே இருக்கிற அம்மாமார்கள் சிரிக்கிறீர்கள். எல்லோரும் கடித்த நாடாதான்.

அன்றைக்குக் கல்மண்டபத்துப் படியில் ஓர் இளைஞர் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரைமணி நேரமாக ஒரே பல்லை விளக்குகிறார். பார்வை எங்கள் பக்கம். சித்தி முகம் சுண்டிப்போய்க் கழுத்தளவு தண்ணீரிலேயே நிற்கிறாள், ஏற மாட்டேன் என்கிறாள். ஆச்சி பார்த்தாள். சத்தம் போடவில்லை.

“ஏ தம்பி, பல்லு தேஞ்சிரப் போவுது. இங்க வா” என்றாள்.

அவர் திடுக்கிட்டார். ஓடவும் முடியவில்லை, ஆற்றங்கரை முழுக்க ஆள். வந்தார். ஆச்சி தன் பழைய சுங்குடிச் சேலையின் ஒரு நுனியை மருத மர வேரில் கட்டினாள். மறு நுனியை அவர் கையில் கொடுத்தாள். “சும்மாதான நிக்கே? இதப் பிடி. மொகத்த அந்தப் பக்கம் வச்சுக்கோ. திரும்புன, ஆத்துல தள்ளிருவேன்.”

அவர் மரம் மாதிரி நின்றார். ஏழு பேரும் ஒவ்வொருவராக அந்தச் சேலைக்குப் பின்னால் போய், அவசரமே படாமல், கொசுவம் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தோம். காற்றடிக்கிறது, சேலை பாய்மரம் மாதிரி உப்புகிறது, அவர் இழுத்துப் பிடிக்கிறார். “ஆச்சி, கை வலிக்கி” என்றார். “இன்னும் ரெண்டு பேருதான், நில்லு.” அந்த இரண்டு பேரில் ஒருத்தி மைனி. அவள் தலை துவட்டி, சிக்கெடுத்து, முடிந்து, பொட்டும் வைத்துக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

எல்லாம் முடிந்ததும் ஆச்சி அவரை உட்கார வைத்து, வாழையிலைத் துண்டில் புளியோதரை வைத்தாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார், காது இரண்டும் சிவந்திருந்தது. அப்போது ஆச்சி மெதுவாகக் கேட்டாள்: “ஒங்கம்மா எங்கய்யா குளிக்கா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “இங்கதான் ஆச்சி. காலைல இருட்டோட வந்துட்டுப் போயிருவா” என்றார்.

ஆச்சி அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. துவையல் இன்னும் கொஞ்சம் வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை போனால், அதே இடத்தில் இரண்டு மூங்கில் நட்டு ஓலைத் தட்டி கட்டியிருக்கிறது. யார் கட்டியது என்று நாங்கள் கேட்கவில்லை. ஐப்பசி வெள்ளத்தில் அது போனது. தண்ணீர் வடிந்து நாங்கள் மறுபடி போனபோது புதுத் தட்டி நின்றது.

தட்டி நின்ற அந்த மாதங்களில் எங்கள் சித்தி கழுத்தளவு தண்ணீரில் நின்றதில்லை. அவள் சேலையை எவனும் நீளமாக்கவில்லை.

இன்றைக்கு நிலைமை என்ன? பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் வரை 128 கிலோமீட்டர் ஓடுகிறது தாமிரபரணி. பாபநாசம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, திருப்புடைமருதூர், சேரன்மகாதேவி, சிந்துபூந்துறை, முறப்பநாடு என்று எத்தனை படித்துறைகள்! பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றோடு விட்டுவிடுகிறார்கள். அது பாறையிலும் செடியிலும் சுற்றிக் கிடக்கிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொன்ன ஊரில், கந்தை ஆகாத துணியைக்கூட ஆற்றுக்குக் கொடுக்கிறோம். தயவுசெய்து விடாதீர்கள்.

எங்கள் தெருப் பெண்கள் போகும் படித்துறையில் உடை மாற்றும் அறை என்று ஒன்று இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருவெள்ளத்தில் கதவும் போயிற்று, கூரையும் போயிற்று. மூன்று சுவர் மட்டும் நிற்கிறது. நான்காவது பக்கம் பாதையைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது. மூன்று முறை மனு கொடுத்தேன். மூன்று ரசீதும் இதோ இந்தப் பைக்குள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் பார்க்கிறவன் கையில் வேப்பங்குச்சி இருந்தது. இந்தக் காலத்தில் செல்போன் இருக்கிறது. ஒரு சேலையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று இன்று எந்த ஆச்சியும் சொல்ல முடியாது. போன அமாவாசைக்கு ஒரு பெண் ஈரச் சேலையோடே ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போனதை என் கண்ணால் பார்த்தேன். ஆட்டோ இருக்கை நனையும் என்று ஓட்டுநர் முனகினார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் நடுங்கிக்கொண்டு போனாள்.

அடக்கமாக உடுத்து என்று பெண்ணுக்குச் சொல்ல இந்த ஊரில் மேடை இருக்கிறது, மைக் இருக்கிறது, பந்தல் இருக்கிறது. உடுத்துவதற்கு நாலு சுவர் இல்லை. கசக்குவதற்கு ஆறு இருக்கிறது. கட்டுவதற்கு மறைப்பு எங்கே?

நேரமாகிவிட்டது என்று செயலாளர் சீட்டு நீட்டுகிறார். ஆண்களின் உடையைப் பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். மாமன்ற உறுப்பினர் அம்மாவும் வட்டாட்சியர் ஐயாவும் ஒரே மேடையில் கிடைத்திருக்கிறீர்கள், இன்று விட்டால் எனக்கு இப்படி அமையாது. நான் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. பத்தடிக்கு எட்டடி. ஆள் உயரத்துக்கு மேல் காற்று வர இடம், ஜன்னல் வேண்டாம். உள்பக்கம் கொண்டி உள்ள கதவு, இரும்புக் கதவாக இருந்தால் நல்லது. ஈரத் துணி தொங்கவிட ஆறு கொக்கி, உலர்ந்த துணி வைக்க ஒரு திண்டு. தரை வழுக்காத கல்லாக இருக்கட்டும், வயசானவர்கள் விழுகிறார்கள். வெள்ளம் தொடாத மேல்படியில் கட்டுங்கள். ஒரு படித்துறையில் தொடங்குங்கள், போதும்.

வாசலில் மேஜைமேல் ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் வைத்திருக்கிறேன். போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். ஆண்களும் போட வேண்டும், முதல் கையெழுத்துத் தலைவர் ஐயாவுடையது என்று அவரிடம் கேட்டு வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த நோட்டோடு மனு கொடுக்கப் போகிறேன், கூட வருகிறவர்கள் ஒன்பதரைக்கே சந்திப் பிள்ளையார் முக்கில் வந்து நில்லுங்கள். வணக்கம்.