பிடி-எல்1 அறிக்கையில் இருப்பதும் இல்லாததும்

வணக்கம், நேயர்களே. நுரையீரல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி, அதாவது நம் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை, என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி, "டாக்டர், இது எனக்குக் கேட்குமா?" என்பதுதான். அதை முன்கூட்டியே கணிக்க இன்று அதிகம் நம்பப்படுவது பிடி-எல்1 சோதனை.

புற்றுநோய்ச் செல் பிடி-எல்1 என்ற புரதத்தைத் தன்மேல் ஏற்றிக்கொண்டு, நோயை எதிர்க்கும் நம் டி செல்லை அடக்கிவைக்கிறது. இம்யூனோதெரபி மருந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. சோதனைக்காகக் கட்டியிலிருந்து எடுத்த பயாப்ஸித் துண்டில் 100 புற்றுச்செல்களில் எத்தனையில் இந்தப் புரதம் தெரிகிறது என்பதே அறிக்கையில் வரும் சதவீதம்.

சிறுசெல் அல்லாத நுரையீரல் புற்றுநோய் வகையில், பிடி-எல்1 50 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கீமோவோடு ஒப்பிட்டது கீநோட்-024 ஆய்வு. முதல் முடிவுகள் 2016இல் வந்தன. ஐந்து ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள், மருந்துப் பிரிவில் 100க்கு சுமார் 32 பேர், கீமோ பிரிவில் 16 பேர். கீமோ பிரிவில் பலர் பிறகு இம்யூனோதெரபிக்கு மாறியும் இந்த வித்தியாசம்! ஆனால் அதே ஆய்வில், மருந்து பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி குறிப்பிடும்படி சுருங்கவில்லை. சரி, சதவீதம் பூஜ்யம் என்றால்? கீமோவோடு சேர்த்துக் கொடுக்கும்போது அவர்களிலும் பலர் பலன் பெறுகிறார்கள். ஊசியில் வந்த சிறு துண்டு முழுக் கட்டியையும் காட்டுவதில்லை. ஒரே கட்டியில் இடத்துக்கு இடம் அளவு மாறும்.

பலனைக் கணிக்க, கட்டியில் மரபணு மாற்றங்கள் எத்தனை என்றும் எண்ணுகிறார்கள். புகைபிடித்தவர்களிடம் அது பொதுவாக அதிகம். எஸ்டிகே11 மரபணு கெட்டிருந்தால் பலன் குறையக்கூடும்.

நான் அதிகம் வலியுறுத்துவது, கட்டியில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாறியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை. புகைபிடிக்காதவர்களிடம் இந்த மாற்றம் அதிகம் காணப்படுகிறது. இது இருந்தால், பிடி-எல்1 80 சதவீதம் என்றாலும் இம்யூனோதெரபி தனியாகப் பெரும்பாலும் சோபிப்பதில்லை. அவர்களுக்கு இந்த மாற்றத்தையே குறிவைக்கும் ஒசிமெர்டினிப் மாத்திரை இருக்கிறது. அவசரப்பட்டு இம்யூனோதெரபி ஊசி போட்டுவிட்டு அப்புறம் அந்த மாத்திரைக்கு மாறினால், நுரையீரலில் கடுமையான அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது. ஊசி மருந்தின் தாக்கம் உடலில் மாதக்கணக்கில் நிற்பதே இதற்குக் காரணம்.

ஆகவே பிடி-எல்1 அறிக்கை முதலில் கைக்கு வந்துவிட்டாலும், மரபணு அறிக்கை வரும்வரை பொறுங்கள். மூச்சுத்திணறல் அதிகமாகிக் காத்திருக்க முடியாத நிலை என்றால், முதல் சுற்றுக்குக் கீமோ மட்டும் போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.