கால் ஊன்றாமல் ஓர் எட்டு

நேயர்களுக்கு வணக்கம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இரு சக்கர வண்டி சொல்லிக்கொடுக்கிறவன் நான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே ஓட்டத் தெரியும். "அண்ணே, வண்டியெல்லாம் நல்லா ஓட்டுவேன், எட்டு மட்டும் வராது, அதைச் சொல்லிக்குடுங்க" என்பார்கள். லைசென்ஸ் தேர்வில் கால் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் வண்டியை வளைத்து ஓட்டிக் காட்டுவதைத்தான் சொல்கிறார்கள். எட்டு வரவில்லை என்றால் வண்டியே இன்னும் வரவில்லை என்றுதான் அர்த்தம்!

நாற்பது, ஐம்பது வேகத்தில் வண்டி தானாகவே நிமிர்ந்து போகும், அதில் நம் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. நடந்துபோகிற வேகத்தில், கால் ஊன்றாமல், வளைத்து வளைத்துக் கொண்டுபோவதுதான் கஷ்டம். கியர் வண்டி என்றால் கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே போக வேண்டும். ஸ்கூட்டரில் கிளட்ச் கிடையாது, அதனால் ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து, பின் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும். எல்லாரும் செய்கிற ஒரே தப்பு முன் சக்கரத்தையே பார்ப்பது. கண் அடுத்த வளைவில் இருந்தால் கை தன்னால் அங்கே திரும்பும். சந்தைத் தெருவில் மாடு குறுக்கே வரும்போது உங்களைக் காப்பாற்றுவது இந்த எட்டுதான்.

சரி, எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், அந்த விஷயத்துக்கு வருகிறேன். அது ஆறு மாதம் செல்லும், எடுத்து 30 நாள் கழிந்த பிறகுதான் லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். அந்த 30 நாளை நம் ஆட்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி சும்மா காத்திருந்தே கழிக்கிறார்கள். பழகுவதற்காகக் கொடுத்த நாள் அது. அதுவும் சிவப்பு 'எல்' போர்டு மாட்டித்தான் பழக வேண்டும், சொல்லிக்கொடுக்கிறவரைத் தவிர பின்னால் வேறு யாரையும் ஏற்றக் கூடாது.

பெற்றோர் அடிக்கடி கேட்பது, "பதினாறு வயசானா ஓட்டலாமாமே?" என்று. ஓட்டலாம், ஆனால் கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டியை மட்டும், அதுவும் பெற்றோர் சம்மதத்தோடு லைசென்ஸ் எடுத்துத்தான். அந்தக் காலத்து டிவிஎஸ் 50 அதற்குள் அடங்கும். இன்றைக்கு வீட்டு வாசலில் நிற்கிற ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. அதற்கு 18 முடிந்திருக்க வேண்டும். டியூஷனுக்குத்தானே என்று சாவியைக் கொடுத்துப் பையன் மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடையாது. யாராவது அடிபட்டால் இன்னும் மோசம். காப்பீட்டு நிறுவனம் அவருக்குப் பணத்தைக் கட்டிவிட்டு அதை வண்டி உரிமையாளரிடம் திருப்பி வசூலிக்க முடியும்.

மின்சார ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் 25 கிலோமீட்டருக்கு மேல் போகாமலும் இருக்கிற சின்ன வண்டிக்குத்தான் அந்தச் சலுகை. மற்றதற்கெல்லாம் வழக்கம்போல லைசென்ஸ் வேண்டும்.

அப்புறம், கையில் இருக்கிற லைசென்ஸை எடுத்துத் தேதியைப் பாருங்கள். காலாவதியாகி ஒரு வருடத்துக்குள் என்றால் புதுப்பிக்கலாம், அதைத் தாண்டினால் மறுபடி தேர்வுதான். இருபது வயதில் எடுத்தவர் ஒருவர், நாற்பதில் முடிந்தது தெரியாமலே நாற்பத்து மூன்று வரை ஓட்டியிருக்கிறார். மகனுக்கு எல்.எல்.ஆர். எடுக்க வந்த இடத்தில்தான் தெரிந்தது. தேர்வு நாளில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்றார்கள். மகன் கால் ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டு ஓரமாக வந்து நின்றான். அப்பா இரண்டாவது வளைவிலேயே காலை ஊன்றிவிட்டார், அடுத்த வாரம் மகன்தான் அவரைப் பின்னால் உட்காரவைத்து மைதானத்துக்குக் கூட்டிவந்தான்.