பிரிட்டிஷ் பார்லிமென்ட்டின் முதல் பெண் எம்.பி. யார்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "சார், பிரிட்டிஷ் பார்லிமென்ட்டோட முதல் பெண் எம்.பி. யாருன்னு பார்த்தா, ஒரு கைடுல நான்சி ஆஸ்டர்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல மார்க்கியேவிச்னு போட்டிருக்கு. பரீட்சையில எதை எழுதுறது?"

ரெண்டுமே சரிதாம்மா. கேள்வியில என்ன வார்த்தை போட்டிருக்காங்கன்னு பாருங்க. "தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்"னா கான்ஸ்டன்ஸ் மார்க்கியேவிச், 1918. "அவையில அமர்ந்த முதல் பெண்"னா நான்சி ஆஸ்டர், 1919 டிசம்பர் 1. மார்க்குக்கு இது போதும். ஆனா ஜெயிச்சவங்க ஏன் போய் உட்காரல? அதைத் தெரிஞ்சுக்கிட்டா மறக்கவே மறக்காது.

பேரைப் பார்த்து போலந்துக்காரங்கன்னு நினைச்சுடாதீங்க. அது வீட்டுக்காரர் பேரு; அவர் போலந்து ஓவியர். இந்தம்மா அயர்லாந்துல ஸ்லைகோ பக்கம் பெரிய ஜமீன் வீட்டுப் பொண்ணு. பிறந்தது 1868ல, லண்டன்ல. அப்படிப்பட்டவங்க, 1913ல டப்ளின் முதலாளிங்க தொழிலாளிகளைக் கதவடைச்சு வெளியே தள்ளினப்போ, லிபர்ட்டி ஹால்ல கஞ்சித்தொட்டி நடத்தினாங்க. அப்போ அயர்லாந்து பிரிட்டன் ஆட்சியில இருந்தது; அதை எதிர்த்து 1916ல டப்ளின்ல நடந்த ஈஸ்டர் எழுச்சியில துப்பாக்கியோட களத்துல நின்னாங்க. மரண தண்டனை விதிச்சாங்க. பொம்பளைங்கிற ஒரே காரணத்துக்காக அதை ஆயுள் தண்டனையா மாத்தினாங்க. அடுத்த வருஷம் பொதுமன்னிப்புல வெளியே வந்தாங்க.

1918 தேர்தல் வரும்போது மறுபடியும் ஜெயில், லண்டன் ஹாலோவே சிறை. உள்ளே இருந்துக்கிட்டே டப்ளின் செயின்ட் பேட்ரிக்ஸ் தொகுதியில ஜெயிச்சாங்க. அந்தத் தேர்தல்ல நின்ன பெண்கள் 17 பேர், ஜெயிச்சது இவங்க மட்டும்தான். இதுல ஒரு கூத்து என்னன்னா, அப்போ 21 வயசுப் பொண்ணு தேர்தல்ல நிக்கலாம், ஆனா ஓட்டுப் போட 30 ஆகணும்!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இவங்க கட்சி ஷின் ஃபெயின், அயர்லாந்து விடுதலை கேட்ட கட்சி. அயர்லாந்துல இருந்த 105 இடத்துல 73 ஜெயிச்சது. "லண்டன் பார்லிமென்ட்டுக்குப் போக மாட்டோம், மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டோம்"ங்கிறதுதான் அவங்க கொள்கையே. அதைச் சொல்லித்தான் ஓட்டே கேட்டாங்க. 1919 ஜனவரி 21ல டப்ளின்லயே 'டாயில்'னு சொந்த சபை கூட்டிட்டாங்க. அதனால விடுதலை ஆகியிருந்தாலும் இந்தம்மா லண்டன் அவைக்குப் போயிருக்க மாட்டாங்க. ஜெயில்ல இருந்ததாலதான் போகலன்னு சில கைடுல எழுதியிருக்காங்க, அது அரைகுறை பதில்.

டாயில்ல அவங்களுக்குத் தொழிலாளர் துறை அமைச்சர் பதவி கிடைச்சது. அதுக்கப்புறம் அயர்லாந்து மந்திரிசபையில இன்னொரு பெண் வர 1979 ஆயிடுச்சு. அறுபது வருஷம்ங்க!

அயர்லாந்துக்குத் தனி அரசு தர்றதா பிரிட்டனோட போட்ட 1921 ஒப்பந்தத்தை இவங்க ஏத்துக்கல. புதுசா வந்த ஐரிஷ் அரசோட சபையிலயும் மன்னர் பேர் வர்ற பிரமாணம் இருந்ததே! 1923ல ஜெயிச்சும் போகல. அப்புறம் ஒப்பந்தத்தை எதிர்த்த தலைவர் டி வலேராவோட ஃபியன்னா ஃபால் கட்சியில சேர்ந்து, 1927 ஜூன்ல மறுபடி ஜெயிச்சாங்க. ஜூலை 15 அன்னைக்கு டப்ளின் ஆஸ்பத்திரியில, பொது வார்டுல இறந்துட்டாங்க. கட்சிக்காரங்க மனசு மாறி சபைக்குள்ள போனது ஆகஸ்ட்ல.