நெட்டைப் பையனை ரிங்குக்கு அடியில் கட்டிப்போடாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். பயிற்சியாளர்கள், பி.டி. ஆசிரியர்கள், பிள்ளைகளைக் காலையில் மைதானத்துக்குக் கூட்டிவருகிற பெற்றோர் என்று மூன்று தரப்பும் இன்று ஒரே கூடத்தில் இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பேஸ்கட்பால் அணியில் 13 வயதிலேயே ஆறடியைத் தொட்டுவிட்ட பையன் ஒருவன் இருக்கிறான். கை நீளம், பாதம் பெரிசு, இன்னும் வளர்வான் என்று பார்த்தாலே தெரிகிறது. அவனை நாம் என்ன செய்யப்போகிறோம்?

வழக்கமாக நடப்பது உங்களுக்குத் தெரியும். முதல் நாளே ரிங்குக்கு அடியில் போய் நில் என்கிறோம். பந்தைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொள், கீழே இறக்காதே, தரையில் தட்டித் தட்டி டிரிபிள் பண்ணாதே, திரும்பி போர்டில் போடு என்கிறோம். அந்த வயதில் எதிரணியில் எல்லோரும் அவன் தோளுக்குக் கீழேதான். பந்து அவன் கைக்குப் போனால் இரண்டு புள்ளி நிச்சயம். பள்ளிக்குக் கோப்பை வருகிறது, பேப்பரில் போட்டோ வருகிறது.

நான்கு வருடம் போகட்டும். மற்ற பையன்களும் வளர்ந்துவிடுகிறார்கள். மாநில அளவிலான தேர்வுக்குப் போகிறான். எதிரே நிற்பவனும் அதே உயரம். ஆனால் அவனுக்கு டிரிபிள் வருகிறது, வெளியே நின்று ஷாட் போட வருகிறது, ஓடுகிறவனுக்குப் பந்தைக் கொடுக்க வருகிறது. நம் பையனுக்கு ரிங்கிலிருந்து நாலடி தள்ளி வந்தால் மைதானமே புதிசு. அவனிடம் திறமை இல்லை என்று எழுதிவிடுவார்கள். திறமை வளர வேண்டிய நான்கு வருடத்தையும் கோப்பைக்காக நாம்தான் செலவு செய்திருக்கிறோம். இது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

இதை வேறு மாதிரிச் செய்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் என்றொரு ஊர். அங்கே உள்ளூர் கிளப்பில் ஒரு பையன் ஆடிக்கொண்டிருந்தான். அம்மா ஜெர்மன் பேஸ்கட்பால் அணியில் ஆடியவர், அப்பா ஹேண்ட்பால் வீரர். பையனும் முதலில் ஹேண்ட்பாலும் டென்னிஸும்தான் ஆடினான். அவன்தான் டிர்க் நோவிட்ஸ்கி. அவனுக்குப் பதினாறு வயதுவாக்கில் ஒருநாள் அவன் ஆட்டம் ஹோல்கர் கெஷ்விண்ட்னர் கண்ணில் பட்டது. இவர் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனிக்காக ஆடியவர். கணிதமும் இயற்பியலும் படித்தவர். பையனுக்கு ஆட்டம் இருக்கிறது, ஆனால் அடிப்படையை யாரும் முறையாகக் கற்றுத் தரவில்லை என்று அவருக்குப் பட்டது. தானே கற்றுத் தர முன்வந்தார்.

அவர் செய்தது என்ன? ஏழடியை நெருங்கிக்கொண்டிருந்த பையனை அவர் ரிங்குக்கு அடியில் நிறுத்தவில்லை. ஷாட்டிலிருந்து தொடங்கினார், அதுவும் கணக்குப் போட்டு. அந்தக் கணக்கை நாமும் இங்கேயே போட்டுப் பார்க்கலாம். வளையத்தின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர். பந்தின் விட்டம் ஏறத்தாழ 24. பந்து செங்குத்தாக மேலேயிருந்து விழுந்தால் 45 சென்டிமீட்டரும் அதற்குத் திறந்திருக்கிறது. 45 டிகிரி சாய்வில் வந்தால் திறப்பு 32 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. 30 டிகிரியில் தட்டையாக வந்தால் வெறும் 22.5. அதாவது வளையத்தில் இடிக்காமல் பந்து நுழையவே முடியாது. இப்போது உங்கள் நெட்டைப் பையன் எப்படி எறிகிறான் என்று யோசித்துப் பாருங்கள். ரிங் பக்கத்தில்தானே இருக்கிறது என்று கையை நேரே நீட்டித் தட்டையாகத்தான் விடுகிறான். உயரமானவனுக்கு ஷாட் வராது என்று நாம் சொல்கிறோமே, பல சமயம் அவனிடம் இல்லாதது வளைவு மட்டும்தான். முழங்கால் மடிய வேண்டும், முழங்கை கண்ணுக்கு மேலே போக வேண்டும், விரல்கள் விரிந்து கடைசியாகப் பந்தைத் தொட வேண்டும். ஒரு பருவம் பொறுமையாக உட்கார்ந்தால் இதைத் திருத்திவிடலாம்.

கெஷ்விண்ட்னர் ஷாட்டோடு நிற்கவில்லை. துடுப்புப் போட வைத்தார், வாள்சண்டை பழக வைத்தார், புத்தகம் படிக்கச் சொன்னார், சாக்சபோன் கற்றுக்கொள்ளச் சொன்னார். பார்த்தவர்கள் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாள்சண்டையில் முன்னும் பின்னும் வைக்கிற அந்தச் சின்னச் சின்ன அடிகள்தான், நீளக் கால்களைச் சொன்னபடி கேட்க வைக்கப் பெரிய ஆட்களுக்குத் தேவைப்படுகிறவை.

1998-இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் உலக இளைஞர் அணிக்கும் அமெரிக்க இளைஞர் அணிக்கும் ஒரு ஆட்டம். நோவிட்ஸ்கிக்கு வயது 19. அந்த ஒரே ஆட்டத்தில் 33 புள்ளி, 14 ரீபவுண்ட். ரீபவுண்ட் என்றால் உள்ளே போகாமல் திரும்புகிற பந்தைப் பிடிப்பது. அதே வருடம், அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புது வீரர்களை வரிசையாக எடுக்கிற தேர்வில் ஒன்பதாவதாக எடுக்கப்பட்டு டல்லாஸ் அணிக்குப் போனார். அப்புறம் உடனே ஜொலித்தாரா? இல்லை. முதல் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 8.2 புள்ளிதான். ஆள் மென்மையானவர், தடுப்பாட்டம் தெரியாது என்றெல்லாம் பேச்சு. பயிற்சியாளர் டான் நெல்சன் விடவில்லை, வெளியிலிருந்து எறி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாவது பருவத்தில் சராசரி 21.8. 2007-இல் அந்த லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது, 2011-இல் சாம்பியன் பட்டம். அந்த 2011-இல் ஓக்லஹோமா சிட்டிக்கு எதிரான ஒரு ஆட்டத்தில், எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கிற, யாரும் தடுக்காத ஃப்ரீ த்ரோ 24 எறிந்தார், 24-ம் உள்ளே. நெட்டையானவர்களுக்கு ஃப்ரீ த்ரோ வராது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து செர்பியா. நிகோலா யோகிச்சை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இளம் வயதில் உடம்பு கனம், மேலே எகிறத் தெரியாது, லிட்டர் கணக்கில் கோலா குடிப்பார். 2014-இல் அதே என்.பி.ஏ. தேர்வில் டென்வர் அணி அவரை 41-ஆவது ஆளாக எடுத்தது. எடுத்த கையோடு அமெரிக்காவுக்கு இழுத்துக்கொண்டு போகவில்லை என்பதுதான் இதில் அழகு. இன்னொரு வருடம் ஊரிலேயே ஆடட்டும் என்று விட்டார்கள். அங்கே மெகா என்ற கிளப்பில் அவருடைய பயிற்சியாளர் தெயான் மிலோயெவிச். தானும் ரிங்குக்குப் பக்கத்தில் ஆடியவர், ஆனால் அந்த இடத்துக்கு உயரம் போதாதவர். அப்படியும் அட்ரியாடிக் லீகின் சிறந்த வீரர் விருதை மூன்று முறை வாங்கியவர். உயரத்தால் ஜெயிக்க முடியாத பெரிய ஆள் கண்ணாலும் காலாலும் எப்படி ஜெயிப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு வருடத்தில் யோகிச்சும் அதே விருதை வாங்கினார்.

டென்வரிலும் பாதை நேராக இல்லை. யூசுஃப் நூர்கிச் என்ற இன்னொரு பெரிய ஆளோடு சேர்த்து ஆடவைத்தார்கள். இருவருக்கும் ஒரே இடம் வேண்டியிருந்தது, நெரிசல். 2016 டிசம்பரில் பயிற்சியாளர் மைக்கேல் மலோன் ஒரு முடிவெடுத்தார். யோகிச் மட்டும் சென்டராக, அதாவது ரிங்குக்குப் பக்கத்தில் நிற்கிற பெரிய ஆளாக, ஆடட்டும், பந்து அவர் வழியாகப் போகட்டும் என்றார். சென்டரிடம் பந்தைக் கொடுத்துவிட்டு மற்ற நால்வரும் சட்டென்று திசை மாற்றி ஓடினார்கள், அவர் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். 2023-இல் டென்வருக்கு முதல் சாம்பியன் பட்டம். 2024-25 பருவத்தில் அவர் சராசரி 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட், அதாவது புள்ளியாக முடிந்த பாஸ். ஒரு சென்டர் பருவம் முழுக்க மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி வைத்தது அதுதான் முதல் தடவை. மிலோயெவிச் 2024 ஜனவரியில் காலமானார். அவர் பெயரை நம் பயிற்சியாளர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

யானிஸ் அன்டெடோகூன்போ பற்றி நிறையப் பேச நேரமில்லை. கிரீஸின் இரண்டாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்த ஒல்லிப் பையன், 2013-இல் என்.பி.ஏ.வின் மில்வாக்கி அணி எடுத்தது. அடுத்த வருடம் அங்கே பயிற்சியாளராக வந்த ஜேசன் கிட், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டாகத் தானே பேர் வாங்கியவர், 2016-இல் பந்தை இவர் கையில் கொடுத்து ஆட்டத்தை நடத்தச் சொன்னார். ஏழடி ஆளிடம் பந்தைக் கொடுத்து மைதானம் முழுக்க ஓட விட்டார். அதுதான் கதை.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங், 2015-இல் அதே டல்லாஸ் அணியால் 52-ஆவதாகத் தேர்வு செய்யப்பட்டார். இந்தியாவில் பிறந்து அந்தத் தேர்வில் எடுக்கப்பட்ட முதல் ஆள். நம் எல்லோருக்கும் பெருமையான நாள் அது. ஆனால் என்.பி.ஏ.வின் வழக்கமான பருவத்தில் ஒரு ஆட்டம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் வந்து சேர்ந்த நேரத்தில் ஆட்டமே மாறிவிட்டிருந்தது. அதே 2015 என்.பி.ஏ. இறுதிப் போட்டியில் கோல்டன் ஸ்டேட் அணி தன் பெரிய சென்டரை உட்காரவைத்துவிட்டு, ஆறரை அடி டிரேமண்ட் கிரீனை அந்த இடத்தில் ஆடவிட்டுப் பட்டம் ஜெயித்தது. உலக விதிகளும் மாறின. 2010-இல், வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தருகிற மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குத் தள்ளிப் போனது. மைதானம் விரிந்துவிட்டது. விரிந்த மைதானத்தில் கால் நகராத பெரிய ஆளைத் தேடிப்பிடித்து எதிரணி அடிக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே நெட்டைப் பையனைக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தி, நாள் முழுக்க மூன்று புள்ளி எறிய விடாதீர்கள். அதுவும் கட்டிப்போடுவதுதான், இடம் மட்டும் வேறு. தடுப்பாளரின் வழியை உடம்பால் மறித்து ஸ்கிரீன் வைக்க வேண்டும், ரீபவுண்டுக்கு எதிராளியை முதுகால் தள்ளிவைத்து பாக்ஸ் அவுட் பண்ண வேண்டும், ரிங்குக்குப் பக்கத்தில், அதாவது போஸ்டில், முதுகு கொடுத்து ஆடத் தெரிய வேண்டும். யோகிச் இதையெல்லாம் விட்டுவிடவில்லை. எல்லாம் தெரிந்தவனாக இருப்பதுதான் முக்கியம்.

நான் பையன்களுக்கு அதிகம் கொடுக்கிற பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். பெரிய பையன் மேலே ஸ்கிரீன் வைத்துவிட்டு உள்ளே திரும்புகிறான். ஃப்ரீ த்ரோ கோட்டருகே அவன் கைக்குப் பந்து வருகிறது. ரிங்கின் முன்னால் ஒரு தடுப்பாளர், இரண்டு மூலையிலும் நம் பையன்கள். தடுப்பாளர் மேலே வந்தால் மூலைக்குப் பாஸ். பின்வாங்கினால் ஒரே ஒரு டிரிபிள், இரண்டு எட்டு, ரிங்குக்குப் பக்கத்தில் போய்ப் போடுகிற லே-அப். நடுவில் தடுமாறி நின்றால் அங்கேயே ஷாட். பந்து கைக்கு வந்த நொடியிலேயே முடிவு வர வேண்டும். தொடக்கத்தில் பந்து ஜன்னலுக்கெல்லாம் போகும். பையன் தலையைக் குனிந்துகொள்வான். அப்போது கத்தாதீர்கள். தடுப்பாளர் எங்கே நின்றார் என்று மட்டும் கேளுங்கள். அவன் சரியாகச் சொல்லிவிட்டால் பாஸ் தப்பானாலும் பரவாயில்லை, கண் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

பெற்றோருக்கு உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. வளர்ச்சி வேகமாக இருக்கிற அந்த வருடத்தில் ஆண்பிள்ளைகள் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் வளர்ந்துவிடலாம். அப்போது அவன் உடம்பு அவனுக்கே புது வண்டி மாதிரி, ஓட்டிப் பழக நேரம் வேண்டும். நேற்றுப் பிடித்த பந்தை இன்று நழுவவிடுவான். சோம்பேறி என்று திட்டாதீர்கள். முட்டிக்குக் கீழே முன்பக்கம் எலும்பு புடைத்து வலிக்கிறது என்றால் அது நடிப்பில்லை. எலும்பு இன்னும் வளர்கிற அந்த இடத்தைத் தசைநாண் இழுப்பதால் வருகிற வலி. மருத்துவரைப் பாருங்கள், குதிக்கிற பயிற்சியைக் குறையுங்கள். அந்த வாரங்களில் உட்கார்ந்து எறியலாம், பாஸ் பழகலாம். சீனாவின் யாவ் மிங் எவ்வளவு பெரிய வீரர்! பாத எலும்பு திரும்பத் திரும்ப முறிந்து 2011-இல், 30 வயதிலேயே, விளையாட்டை விட வேண்டியதாயிற்று. பெரிய ஆளின் பாதம் தாங்குகிற சுமை நமக்குத் தெரியாது. ஒரே பருவத்தில் பள்ளி அணி, கிளப் அணி, மாவட்ட அணி என்று மூன்றுக்கும் அவனை ஆடவைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

கடைசியாகப் பயிற்சியாளர்களிடம் ஒரு கோரிக்கை. 14 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் உங்கள் உயரமான பையன் எத்தனை புள்ளி எடுத்தான் என்று இந்தப் பருவம் எழுதாதீர்கள். ஒரு நோட்டு வாங்குங்கள். ரீபவுண்டை எடுத்துத் தானே டிரிபிள் செய்து மேலே கொண்டுபோனது எத்தனை தடவை, ரிங்குக்கு வெளியே பந்தைப் பிடித்து இன்னொருவனுக்குப் பாஸ் கொடுத்தது எத்தனை தடவை, தன்னைவிடச் சின்னவனை வெளியே வந்து தடுத்தது எத்தனை தடவை என்று எழுதுங்கள். தப்பாகப் போனதையும் சேர்த்தே எழுதுங்கள். சில ஆட்டங்கள் தோற்கலாம். தலைமையாசிரியர் கேட்டால் அந்த நோட்டைக் காட்டுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள், பக்கம் பக்கமாகப் பார்த்துப் பேசுவோம். வணக்கம்.